ஓட்டைக் காசு

போன தை முதல் இந்தத் தை வரைக்கும் 11 காசுகள் வாங்கியிருக்கிறேன். எல்லாம் சேர்த்து 7,960 ரூபாய். தபால் செலவு தனி. ஒரு சுமாரான பட்டுப்புடவையின் விலை. புடவை எடுத்திருந்தால் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். பார்டர் நன்றாக இருக்கிறது என்று இரண்டு பேர் சொல்லியிருப்பார்கள். காசு கொடுத்துக் காசு வாங்குகிறேன் என்பதால் கேள்வி வருகிறது. "இதுல தங்கம் எது?" என்றார் நாத்தனார். பத்து செம்பு, ஒன்று வெள்ளி என்றேன். "அப்ப வித்தா என்ன வரும்?" விற்பதற்காக வாங்கவில்லை என்றதும் அவர் பேச்சை மகனின் நீட் பயிற்சிக்குக் கொண்டுபோய்விட்டார்.

பெண் வாங்கும் உலோகம் கழுத்தில் கிடக்க வேண்டும், இல்லையென்றால் அவசரத்துக்கு அடகுக் கடைக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் உதவாத உலோகத்தை ஒரு பெண் தன் சம்பளத்தில் வாங்கி, அட்டைக்குள் வைத்து, லென்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது நம் வீடுகளுக்குப் பழக்கமில்லாத காட்சி. ஆண்கள் தபால்தலை சேர்க்கலாம், புல்லட் வண்டிக்கு உதிரிப்பாகம் தேடி அலையலாம். அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. என் அம்மாவுக்குப் பொழுதுபோக்கு என்று எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. சிறுவாடு இருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டுகள். அதுவும் கடைசியில் எங்கள் பள்ளிக் கட்டணத்துக்கே போனது.

11 காசுகளில் மூன்று, பாண்டியர்களின் சிறிய சதுரச் செப்புக்காசுகள். ஒரு பக்கம் யானை, மறுபக்கம் கோட்டு வடிவில் மீன். தமிழ் படித்து, தமிழ் சொல்லிக் கொடுத்துப் பிழைக்கிற ஒருத்தி இதைக் கையில் வாங்கும்போது கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். இந்த வகையில்தான், 'பெருவழுதி' என்று தமிழ் பிராமியில் எழுத்துள்ள காசை இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் படித்து வெளியிட்டார். என்னிடம் இருப்பவற்றில் எழுத்து இல்லை. யானை இருக்கிறது, அதுவும் ஒன்றில் பின்பாதி மட்டும். நான் பிறந்து வளர்ந்த கரூரில், அமராவதி ஆற்று மணலில் இப்படிப்பட்ட காசுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அந்த ஆற்றில் துணி துவைத்தவள் நான். காலில் எத்தனை மிதிபட்டனவோ.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மண் ஒட்டிய புதையல் காசு என்று யாராவது ரகசியக் குரலில் நீட்டினால் நான் வாங்குவதில்லை. மண்ணுக்குள் கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பழைய சேகரிப்புகள் கைமாறும்போது வாங்குவதே என் வழக்கம். யாராவது ஒரு ஓய்வுபெற்ற பொறியாளர் நாற்பது வருடம் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருப்பார். அவர் மனைவி அதை விற்பார். அந்த மனைவிகளில் ஒருவரோடு தொலைபேசியில் பேசியிருக்கிறேன். "எடுத்துட்டுப் போனாப் போதும்மா, அலமாரி காலியாகும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

கண்காட்சிகளுக்கும் போகிறேன். கல்யாண மண்டபத்தில் மேசை போட்டு, மேலே கண்ணாடி வைத்து, நூறு நூற்றைம்பது ஆண்கள் குனிந்து நிற்பார்கள். ஒருமுறை என்னோடு முதுகலை மாணவன் ஒருவன் வந்திருந்தான். வணிகர் லென்ஸை அவனிடம் நீட்டி, "சாருக்கு என்ன பீரியட் வேணும்?" என்று கேட்டார். அவன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். நான் காஷ்மீர்ச் செப்புக்காசு கேட்டேன். வணிகர் பெட்டியை எடுத்துக்கொண்டே, "வீட்டுக்காரர் சேர்க்கிறாராம்மா?" என்றார். நல்ல மனிதர்தான். விலையும் குறைத்துக் கொடுத்தார். வீட்டில் என் கணவர் இதுவரை ஒரு காசையும் திருப்பிக்கூடப் பார்த்ததில்லை என்று அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த மண்டபத்தில்தான் 60 ரூபாய்க்கு ஒரு ராஜராஜன் காசு வாங்கினேன். ராஜராஜன் செப்புக்காசு அபூர்வமானது அல்ல. நல்ல நிலையில் இருப்பதே 250 ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு பக்கம் அரசன் நிற்கிறான், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறான், அவன் கைக்குக் கீழே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. நான் வாங்கியது தனியாக ஒரு கிண்ணத்தில், 'கழிவு' என்று எழுதிய சீட்டோடு கிடந்தது. நிற்கும் அரசனின் தலைக்கு மேலே ஒரு துளை. சேகரிப்பாளர்களுக்கு இது பெரிய குறை. ஏல அட்டவணைகளில் துளை இருந்தால் தனியாகக் குறிப்பிடுவார்கள், விலை பாதிக்கும் கீழே போகும். சிலர் துளையை அடைத்து விற்கிற மோசடியும் உண்டு.

எனக்கு அந்தத் துளையை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை. அவசரத்தில் ஆணி அடித்த துளை இல்லை. விளிம்பு உள்ளே மழமழவென்று தேய்ந்திருக்கிறது. நூலோ கம்பியோ வருடக்கணக்கில் உராய்ந்தால் ஒழிய அப்படித் தேயாது. ஒரு குழந்தையின் அரைஞாணில் கிடந்ததா, யாருடைய கழுத்திலா, தெரியாது. கடைவீதியில் காசாக இருந்த காலத்தைவிட உடம்பில் கிடந்த காலம் அதிகம் என்று மட்டும் அந்த வழவழப்பு சொல்கிறது. இந்தியாவில் கிடைத்த ரோமானியப் பொற்காசுகளிலும் இது உண்டு. பேரரசரின் தலைக்கு மேலே இரட்டைத் துளையோடு பல காசுகள் கிடைத்திருக்கின்றன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளின் கதை வேறு. அவற்றில் பெரும்பாலானவற்றின் தலையில் உளி வெட்டு. காசு இனிச் செல்லாது என்பதற்கான வெட்டு என்கிறார்கள். வெட்டு பற்றி நிறையக் கட்டுரைகள் உண்டு. அது அரசு தொடர்பானது, நிதி தொடர்பானது. துளையை 'ஆபரணமாகப் பயன்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

வகுப்பில் குறுந்தொகை நடத்தும்போது 67ஆம் பாட்டு வரும். அள்ளூர் நன்முல்லையார் பாடியது. பிரிந்து போனவன் நடக்கிற வறண்ட வழியில் ஒரு கிளி. அதன் வளைந்த அலகில் வேப்பம்பழம். அதற்கு அவர் சொல்லும் உவமை, புது நூலில் கோப்பதற்காகக் கூரிய நகங்களுக்கு நடுவே பிடித்த பொற்காசு. தேர்வுக்கு இதை உவமையணி என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. சங்கப் பாட்டில் காசு என்றால் கடையில் கொடுக்கும் நாணயம் என்று மட்டும் பொருள் கொள்ள முடியாது. மேகலையிலும் மாலையிலும் கோக்கிற உருண்டைப் பொன்னுக்கும் மணிக்கும் அதுதான் பெயர். அப்பாட்டின் காசு எது என்று உரைக்குள் போய்ச் சண்டை போடலாம், போட்டும் இருக்கிறோம். 60 ரூபாய்க் காசை வாங்கி வந்த இரவு, அதை இரண்டு விரல் நகத்தால் பிடித்து, விளக்குக்கு நேரே காட்டி, துளை வழியாகத் தையல் நூலை நுழைத்துப் பார்த்தேன். நகம் தானாகவே கிளி அலகு போல வளைந்து நின்றது. இந்த வேலையைச் செய்து பார்த்த, அல்லது பக்கத்தில் இருந்து உற்றுப் பார்த்த கண் அவருடையது. இருபது வருடம் நடத்தியிருக்கிறேன், அன்றைக்குத்தான் கையில் தட்டுப்பட்டது. மறுநாள் காசையும் நூலையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். பெண்கள் ஆளுக்கொரு முறை கோத்துப் பார்த்தார்கள். பையன்களும்தான்.

அம்மாவுக்குக் காசுகளைக் காட்டுவதில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. புளி போட்டுத் தேய்த்துவிடுவார் என்ற பயம். குத்துவிளக்கைத் தேய்த்துப் பழகிய கை. "என்ன கண்ணு இது, களிம்பு புடிச்சுக் கெடக்குது, குடு ஒரு தேய் தேச்சுத் தர்றேன்" என்று நிஜமாகவே எழுந்துவிட்டார். பச்சைக் களிம்புதான் இதன் வயது, தேய்த்தால் மதிப்பே போய்விடும் என்று சொல்லி உட்கார வைத்தேன். "அழுக்குக்கு மதிப்பா? நல்லாருக்குது உன்ற படிப்பு" என்றார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்.

அதில் லீலாவதி காசும் இருந்தது.

என் வருடத்தின் காசு எது என்று யாராவது கேட்டால் (யாரும் கேட்கவில்லை) இதைத்தான் சொல்வேன். 1,600 ரூபாய். சென்னையில் ஒரு பழைய சேகரிப்பு பிரிந்தபோது வாங்கியது. பொலனறுவையை ஆண்ட லீலாவதி வெளியிட்ட செப்புக்காசு. அவள் முதலாம் பராக்கிரமபாகுவின் மனைவி. அவன் 1186இல் இறந்தான். பிறகு பொலனறுவையில் யார் அரசன் என்பதைப் படைத்தலைவர்கள் தீர்மானிக்கும் காலம் வந்தது. 1197இல் ஒரு தளபதி லீலாவதியை அரியணையில் உட்கார வைத்தான். மூன்று வருடத்தில் சாகசமல்லன் இறக்கினான். 1209இல் வேறொரு தளபதி மறுபடி உட்கார வைத்தான். ஒரு வருடத்தில் லோகேஸ்வரன் படையோடு வந்து இறக்கினான். 1211இல் மூன்றாவது தளபதி, மூன்றாவது முறை. 1212இல் பாண்டிய நாட்டிலிருந்து படை கொண்டு போன பராக்கிரம பாண்டியன் இறக்கினான். அதோடு முடிந்தது.

மூன்று முறை ஏற்றப்பட்டவள் என்று எழுதுகிறார்கள். வினை எப்போதும் செயப்பாட்டுவினையாகவே வருகிறது. ஏற்றினார்கள், இறக்கினார்கள். இடையில் அவள் என்ன செய்தாள்? தளபதிகளின் பொம்மை என்று ஒரு வரியில் ஒதுக்குகிற புத்தகங்களையும் பார்த்துவிட்டேன். இரண்டு முறை தூக்கி எறியப்பட்ட பின்பும் மூன்றாவது முறை ஒருவன் அவளைத் தேடி வந்தான் என்றால், அவள் பெயருக்கு ஜனங்களிடம் ஏதோ ஒரு மரியாதை இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் படுகிறது. அதே காலத்தில் தளபதிகளின் தயவில் ஏறிய ஆண்களும் உண்டு. அவர்களைப் பொம்மை என்று யாரும் சொல்வதில்லை.

இனி காசுக்கு வருவோம். அதன் உருவ அமைப்பு அப்படியே ராஜராஜன் காசுதான். நிற்கும் அரசன், உட்கார்ந்த அரசன், கைக்குக் கீழே மூன்று வரியில் நாகரி எழுத்து. அந்த அமைப்பையே ராஜராஜன் ஈழத்துப் பொற்காசிலிருந்து எடுத்தான் என்பது நாணயவியலாளர் பலரின் கருத்து. அங்கிருந்து இங்கே வந்து, சோழர் ஆட்சியோடு திரும்ப அங்கே போய், சோழர் போன பின்பும் நிலைத்து, பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சாகசமல்லன் என்று பெயர் மட்டும் மாறிக்கொண்டே வருகிறது. லீலாவதி முறை வந்ததும் பெயர் 'ஸ்ரீ ராஜ லீலாவதி' என்று மாறியது. உருவம் மாறவில்லை. அதே வேட்டி கட்டிய ஆள். கையில் பூவைப் பிடித்தபடி, அதே முழியோடு நிற்கிறான்.

அச்சு வெட்டுகிற தட்டானுக்குப் பழகிய உருவம், ஜனங்களுக்கும் பழகிய காசு, மாற்றினால் செல்லாக் காசு என்று வாங்க மறுத்துவிடுவார்கள் என்று காரணம் சொல்லலாம். காரணம் சரியாகவும் இருக்கலாம். 'ராஜ' என்ற சொல்லும் அங்கேயே இருக்கிறது. ராணி இல்லை, தேவி இல்லை.

அம்மாவுக்கு இதையெல்லாம் சொன்னேன். லென்ஸில் ரொம்ப நேரம் பார்த்தார்.

"பேரு பொம்பளைப் பேரு. நிக்கறது ஆம்பளையா?"

"ஆமாம்மா."

"நம்மூட்டு கேட்டு மாதிரி."

சொல்லிவிட்டு அடுத்த காசுக்குக் கையை நீட்டினார். எனக்குத்தான் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

எங்கள் கரூர் வீட்டு இரும்புக் கேட்டில் அம்மாவின் பெயர் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் 'இல்லம்'. அப்பா 1991இல் கட்டிய வீடு. அவர் ஜவுளிக் கம்பெனியில் கணக்குப் பார்த்துச் சம்பாதித்த பணம், அம்மாவின் வளையல்களை அடகு வைத்த பணம். பத்திரமும் பட்டாவும் அப்பா பெயரில். வீட்டுவரி ரசீது அப்பா பெயரில். மின் இணைப்பு அப்பா பெயரில். கேட்டு மட்டும் அம்மாவுக்கு. பெயிண்ட் அடிக்கும்போதெல்லாம் அந்த எழுத்துக்குத் தங்க நிறம் கொடுப்பார் அப்பா. பாசமானவர், அதில் சந்தேகம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் உயில் எழுதாமல் இறந்துபோனார்.

போன வைகாசியில் அண்ணன் என்னிடம் விடுதலைப் பத்திரம் கேட்டார். மாடியில் இன்னொரு தளம் கட்ட வங்கிக் கடன் வேண்டும், வாரிசுகள் எல்லோரும் விட்டுக்கொடுத்தால்தான் கடன் கிடைக்கும் என்றார். "சும்மா ஒரு கையெழுத்துதான் பாப்பா, வீடு எங்கயும் போகப் போறதில்ல" என்றார். அம்மாவும் கையெழுத்துப் போட வேண்டும். தானாகச் சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப்போன ஓர் இந்து ஆணுக்கு மனைவி, மகன், மகள் மூவரும் சம வாரிசு. இது 1956 முதல் சட்டம். தமிழ்நாட்டில் 1989இல் பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு வந்தது. ஆக வீட்டில் மூன்றில் ஒரு பங்கு எனக்கு, ஒரு பங்கு அம்மாவுக்கு. 'விடுதலை' என்ற சொல்லைத் தமிழாசிரியையான நான் எத்தனை கவிதையில் எழுதியிருக்கிறேன்! பத்திர எழுத்தரின் மொழியில் அதற்கு, பெண் தன் பங்கை விட்டுவிட்டுப் போவது என்று பொருள்.

நான் யோசிக்க நேரம் கேட்டேன். "உனக்குத்தான் கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டமே" என்றார் அண்ணி. அது சரிதான், போட்டார்கள். அந்தக் கணக்கை யாரும் அண்ணனின் பொறியியல் கல்லூரிக் கட்டணத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை.

காசுகளில் பாதிக்கு மேல் வாங்கியது இதற்குப் பிந்தைய மாதங்களில்தான். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று தோழி ஒருத்தி கேட்டாள். இருக்கலாம். ராத்திரி தூக்கம் வராமல் புரளுகிற நேரத்தில் 980ஆம் வருடத்துக்குப் போய்விடுவது சௌகரியமாக இருந்தது. ஆனால் போன இடத்திலும் இதே வழக்குதான் நடந்துகொண்டிருந்தது.

காஷ்மீரத்து தித்தாவின் செப்புக்காசுகள் இரண்டு வாங்கினேன். 850, 700. அவள் கணவன் க்ஷேமகுப்தனின் காசு ஒன்று, 900. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். க்ஷேமகுப்தன் காசில் சாரதா எழுத்தில் அவன் பெயருக்கு முன்னால் 'தி' என்று ஓர் எழுத்து. தித்தாவின் முதலெழுத்து. நம் ஊரில் கணவன் பெயரின் முதலெழுத்து மனைவிக்கு இனிஷியலாக வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே தலைகீழ். சும்மா விடுவார்களா? 'தித்தாக்ஷேமன்' என்று அவனைக் கேலி பேசினார்கள் என்று கல்ஹணர் ராஜதரங்கிணியில் எழுதுகிறார். பெண்டாட்டி பெயரால் அறியப்படுவதே அவமானம்.

க்ஷேமகுப்தன் 958இல் இறந்தான். தித்தா மகனுக்காக ஆண்டாள், பேரன்களுக்காக ஆண்டாள், பிறகு 980 வாக்கில் தன் பெயரிலேயே அரியணை ஏறி 1003 வரை ஆண்டாள். அவளுக்குக் கால் ஊனம். வல்கா என்ற பெண் அவளைத் தூக்கிச் சுமந்தாள் என்பதும் கல்ஹணர் தரும் செய்திதான். பேரன்களைக் கொன்றவள் என்றும், காதலர்கள் உண்டு என்றும் அவர் எழுதுகிறார். தித்தா இறந்து சுமார் நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு எழுதியவர் அவர். பேரன்களை அவள் கொன்றிருக்கலாம். அரண்மனைகளில் ஆண்கள் செய்யாத ஒன்றையும் அவள் செய்ததாகத் தெரியவில்லை. அவளை நான் தெய்வமாக்கப் போவதில்லை. என் மாணவிகள் இவளை 'வீரமங்கை' என்று கட்டுரைப் போட்டிக்கு எழுதிவிட்டு வந்தால் சிவப்பு மையில் கோடு போடுவேன்.

காஷ்மீர்க் காசுகளில் ஒரு பக்கம் உட்கார்ந்த தேவி, மறுபக்கம் நிற்கும் அரசன். குஷாணர் காசுகளில் அர்தோக்ஷோ என்ற பெயரோடு செல்வக்கொம்பு ஏந்தி உட்கார்ந்திருந்தவள்தான், குப்தர் காசில் லட்சுமியாகி, காஷ்மீரத்தில் இப்படி ஆகியிருக்கிறாள். பிரதிக்குப் பிரதி, அச்சுக்கு அச்சு, முகம் ஒரு புள்ளி, மார்பு இரண்டு புள்ளி, கைகள் வெறும் கோடு. சேலை என்பது நான்கு வளைவு. தெரியாதவர்களுக்குக் காட்டினால் தவளையா என்று கேட்பார்கள், கேட்டிருக்கிறார்கள். பணத்தின் மேல் பெண் உருவத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை. அந்தப் பணத்தின் மேல் உரிமை எழுதிய பெண் பெயரைத்தான் லென்ஸ் வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. தித்தா காசிலும் மறுபக்கம் அரசன் நிற்கிறான். அவனும் இந்நேரத்துக்குக் குச்சிகளாகிவிட்டான் என்பது ஒரு சின்ன ஆறுதல்.

வாங்க முடியாத காசுகளின் பட்டியலும் உண்டு. அதில் முதலாவது சந்திரகுப்தன்–குமாரதேவி பொற்காசு. முதலாம் சந்திரகுப்தனும் லிச்சவி குலத்துக் குமாரதேவியும் எதிரெதிரே நிற்பார்கள். இருவர் உருவமும் உண்டு, இருவர் பெயரும் உண்டு. பின்பக்கம் அவள் குலத்தின் பெயர். அவன் வெளியிட்டதா, மகன் சமுத்திரகுப்தன் பெற்றோர் நினைவாக வெளியிட்டதா என்று இன்னும் விவாதம். பள்ளிப் பாடத்தில் லிச்சவிகளோடு மண உறவு கொண்டு குப்தர்கள் வலுப்பெற்றார்கள் என்று ஒரு வரி வரும். அந்த மண உறவுக்கு முகம் இருக்கிறது என்று எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. அதன் விலை என் ஒரு வருடச் சம்பளத்தைத் தின்றுவிடும். படம் அச்செடுத்துப் பீரோவின் உட்கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

சோழ நாட்டிலேயே தேடலாமே என்று கேட்பீர்கள். தேடினேன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவை கொடுத்த பொன்னும் நகையும் வரிவரியாக இருக்கின்றன. பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்தது வரை கணக்கு இருக்கிறது. கொடுத்தவள் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். அவள் பெயரில் ஒரு செப்புக்காசுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

ஆடி மாதம் அண்ணன் மறுபடி கேட்டார். இந்த முறை பத்திர எழுத்தரிடம் வரைவே தயாராகிவிட்டது. எனக்கு முன்னால் அம்மாதான் பதில் சொன்னார். கையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ற பங்க என்ற பேர்ல எழுதிக் குடுத்துருங்க சாமி. அப்பறம் உனக்குக் கடன் வேணும்னா நான் பேங்குல வந்து கையெழுத்துப் போடறேன்."

அண்ணன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "எனக்கு எழுபத்துமூணு வயசு. இந்தத் தேதி வரைக்கும் என்ற பேர்ல ஒரு துண்டுச் சீட்டு இல்ல. கேட்டுல இருக்கறத வெச்சு ரேசன் கூட வாங்க முடியாது." நானும் என் பங்கு என் பெயரில் இருக்கட்டும் என்றேன். வீட்டை விற்கவோ பிரிக்கவோ கேட்கவில்லை, மேலே தளம் கட்டுவதற்கும் குறுக்கே நிற்கவில்லை, கூட்டுப்பட்டா போதும் என்று தெளிவாகச் சொன்னேன். அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். தீபாவளிக்கு அண்ணனிடமிருந்து அழைப்பு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. அம்மா கீழ்த்தளத்தில் இருக்கிறார், அண்ணன் குடும்பம் மாடியில். சாப்பாடு மேலிருந்து வழக்கம்போல் இறங்குகிறது, பேச்சுதான் குறைந்துவிட்டது என்கிறார். வயதான காலத்தில் அம்மாவை இப்படி ஒரு மௌனத்துக்குள் உட்கார வைத்தது சரியா என்று எனக்கு இரவில் தோன்றும். அதை அவரிடமே கேட்டுவிட்டேன். "நான் எத்தன வருசம் சும்மா இருந்தேன், அவனுங்க ஒரு வருசம் சும்மா இருந்தா என்ன" என்றார்.

மூவர் பெயரிலும் பட்டா மாற்றக் கேட்டு நானும் அம்மாவும் மனுக் கொடுத்திருக்கிறோம். வாரிசுச் சான்றிதழ் இணைத்தாயிற்று. இரண்டு முறை ஏதோ ஒரு தாள் குறைகிறது என்று திரும்பி வந்தது. மூன்றாவது முறை வாங்கி ரசீது கொடுத்திருக்கிறார்கள்.

காசுகளுக்கு என்று ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எடை, விட்டம், யாரிடம் வாங்கியது, என்ன விலை, எழுத்து எவ்வளவு தெரிகிறது. மில்லிகிராம் தராசு ஒன்று வாங்கினேன். அந்த 900 ரூபாயை மேலே சொன்ன கணக்கில் சேர்க்கவில்லை. அம்மா வரும்போது நோட்டில் எடையை எழுதுவது அவர் வேலை. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, ஒவ்வொரு எண்ணையும் இரண்டு முறை சரிபார்ப்பார். ஓட்டைக் காசு 3.61 கிராம். "ஓட்டை போட்டதுல எவ்வளவு கொறஞ்சிருக்கும்?" என்று கேட்டார். ஓட்டை இல்லாத இன்னொரு ராஜராஜனை நிறுத்துப் பார்த்தோம். 3.58. ஓட்டை போட்டதுதான் கனம். அம்மாவுக்கு அதில் ஒரே சந்தோஷம். அச்சடிக்கும் காலத்திலேயே எடை முன்பின் இருக்கும் என்று நான் விளக்கியது காதில் ஏறவில்லை.

இப்போது தேடிக்கொண்டிருப்பது சுகந்தாவின் காசு. தித்தாவுக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன் காஷ்மீரத்தை ஆண்டவள். சங்கரவர்மனின் மனைவி. 904இலிருந்து இரண்டு வருடம் அவள் ஆட்சி. தந்திரின்கள் என்ற படைக்கூட்டம் அவளை இறக்கியது. 914இல் திரும்ப வந்தபோது பிடித்துக் கொன்றார்கள். அவள் காசில் 'ஸ்ரீ சுகந்தா தேவ' என்று இருக்கிறது. தேவி இல்லை, தேவ. ஆட்சிக்கு வந்தால் ஆண் விகுதி கூடவே வந்து உட்கார்ந்துவிடுகிறது போலிருக்கிறது. இலக்கணம் நடத்துகிறவளுக்கு அந்த விகுதியைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

போன வாரம் ஒரு வணிகர் படம் அனுப்பினார். தேவி பக்கம் நன்றாக இருக்கிறது. எழுத்தில் 'சுகந்தா' தெளிவு. 'தேவ' இருக்க வேண்டிய இடத்தில் அச்சு விலகி, எழுத்து தகட்டுக்கு வெளியே போய்விட்டது. 2,200 சொல்கிறார். 'தேவ' தெரிகிற காசு வரும்வரை காத்திருக்கலாமா என்று யோசனை. அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். பெயர் மட்டும் இருந்தால் போதாதா என்கிறார். 1,800க்கு வருமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.